துண்டு போட்ட மனை

விமானத்தை விட்டு இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, என் மடியில் ஒரு ஈரத் துண்டு வந்து விழுந்தது.

சிங்கப்பூரிலிருந்து சனிக்கிழமை காலை வந்து சேர்ந்தவள், டாக்சிக்காரர்களோடு மல்லுக்கட்டப் பொறுமையில்லாமல், பெட்டியை இழுத்துக்கொண்டு எதிரிலிருக்கும் திரிசூலம் ஸ்டேஷனுக்கு நடந்து, மின்சார ரயிலில் ஏறிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாலாவது ஸ்டேஷன் தாம்பரம். ரயில் நிற்பதற்கு முன்பே ஜன்னல் கம்பிகளுக்குள் கைகள் நுழைந்தன. கைக்குட்டை, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுப் பை, ஒருவருடைய ஆபீஸ் அடையாள அட்டை, எல்லாம் சீட்டில் வந்து விழுந்தன. அந்த ரயில் அப்படியே திரும்பிக் கடற்கரைக்குப் போகிறதாம். என் மடியில் விழுந்த துண்டு, அப்போதுதான் முகம் கழுவித் துடைத்த ஒரு மீசைக்காரருடையது.

"அக்கா, எந்திரிங்க. துண்டு போட்டாச்சு."

"நான் இன்னும் இறங்கவே இல்லையேப்பா!"

"எறங்கத்தானே போறீங்க?"

துண்டை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். சிரிக்கவும் முடியவில்லை, ஏனென்றால் நாங்களும் யோக்கியம் இல்லை. சிங்கப்பூரில் சாப்பாட்டுக் கடை மேஜைகளில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போவோம். அந்தப் பாக்கெட்டைத் தாண்டி அங்கே உட்கார ஒரு மந்திரிக்குக்கூட மனசு வராது. துண்டுக்கு அங்கே வாசனை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பல்லாவரத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு சிங்கப்பூர். ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன். வலியோடு வருகிறவர்களிடம் நாள் முழுக்கச் சிரித்துப் பேசிப் பேசி, வெளியே வந்தால் வாய் கொஞ்சம் நீண்டுவிடும். வந்த காரியம் ஒன்றுதான். கூடுவாஞ்சேரியில் பதினெட்டு வருடத்துக்கு முன் வாங்கிப் போட்ட ஒரு கிரவுண்டு மனையை விற்க வேண்டும். என் வீட்டுக்காரர் எனக்குப் பவர் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார். விற்று வருவதை வைத்து எங்கள் சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டுவதாகத் திட்டம். அலமாரிக் கதவு ஒன்று மூடவே மாட்டேன் என்கிறது, இரண்டு வருடமாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன்.

அந்த மனை எங்களுக்கு வெறும் மனை இல்லை. வாங்கின அன்று நானும் அவரும் அதில் நின்று எடுத்துக்கொண்ட படம், எங்கள் ஹாலில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஓரத்தில் ஒற்றைப் பனைமரம், நடுவில் வாயெல்லாம் பல்லாக நாங்கள். வருகிறவர்களிடம் எல்லாம் "ஊரில் எங்கள் இடம்" என்று காட்டுவோம்.

ஸ்டேஷன் வாசலில் என் நாத்தனார் வசந்தி நின்றிருந்தாள். சேலையூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். வயது நாற்பத்தாறு, ஆனால் நடந்தால் பின்னால் ஓட வேண்டும். வருடா வருடம் பொங்கல் கழித்து எங்கள் மனைக்குப் போய், முள் வெட்ட ஆள் பிடித்து, சுத்தம் பண்ணி, எங்களுக்குப் படம் அனுப்புகிறவள் அவள்தான்.

"அண்ணி, ரயில்லயா வந்தீங்க? போன் பண்ணியிருந்தா நான் ஆட்டோ எடுத்துட்டு வந்திருப்பேன்ல?"

ஷேர் ஆட்டோவில் என் பெட்டிக்கும் ஒரு ஆள் காசு கேட்டார்கள். எங்களுக்குச் சரியாக உட்கார இடமில்லை, என் பெட்டி மட்டும் உட்கார்ந்து வந்தது. வசந்தி ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறாள். உள்ளே போனதும் எனக்கு ஒரு சந்தேகம். புத்தகங்கள் எல்லாம் அட்டைப் பெட்டியில் இருந்தன. "என்னடி, வெள்ளை அடிக்கிறாங்களா?" என்றேன். "ஆமா அண்ணி, அந்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு இட்லித் தட்டை எடுத்தாள். நானும் சின்ன வெங்காயச் சாம்பாரைப் பார்த்ததும் மேலே விசாரிக்கவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு இப்படி ஒரு பலவீனம்.

மறுநாள் ஞாயிறு. "நான் ஒரு வகுப்புக்குப் போறேன், வர்றீங்களா? இன்னிக்கு வேன்ல கூடுவாஞ்சேரி பக்கம்தான் போறாங்க. மனையையும் பார்த்துக்கலாம்" என்றாள். என்ன வகுப்பு என்றேன். வீட்டைப் பற்றி என்றாள். வாஸ்துவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு டியூஷன் சென்டர் வாசலில் வேன் நின்றிருந்தது. பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். நடத்துகிறவர் சேகர் அண்ணன் என்று வசந்தி அறிமுகப்படுத்தினாள். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு பை, தொண்டை மட்டும் மைக் இல்லாமலே பொதுக்கூட்டம் நடத்தும். பழைய மனை ஏஜெண்டாம். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமையானால் இலவச வேனில் ஆள் ஏற்றிக்கொண்டு போய், லேஅவுட் காட்டி, பிரியாணி போட்டு, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு திரும்புவாராம். இப்போது அதே சாலையில் அதே மாதிரி வேனில் பாடம் நடத்துகிறார். பிரியாணி மட்டும் தக்காளி சாதமாகிவிட்டது.

"யாரும் ஏறாதீங்க!" என்று கத்தினார். பையிலிருந்து ஒரு கட்டுத் துண்டுகளை எடுத்தார். நாலு பேருக்கு மட்டும் ஆளுக்கு மூன்று கொடுத்தார். விருந்தாளி என்று எனக்கும் மூன்று. மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. "துண்டு வெச்சிருக்கிறவங்க ஜன்னல் வழியா போடுங்க. துண்டு போட்ட சீட்டு அவங்களுது. மத்தவங்க கேட்டு வாங்கிக்குங்க. குடுக்கறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம்."

நான் ஓடிப்போய் மூன்று நல்ல ஜன்னலோர சீட்டாகப் பார்த்துப் போட்டேன். ஐம்பது வயதுக்கு என்ன வேகம் என்கிறீர்கள்! ஒன்றில் உட்கார்ந்தேன், ஒன்றில் கைப்பை. மூன்றாவது சும்மா. வேன் கிளம்பியது. பாதி சீட்டு காலி, பாதிப் பேர் நின்றுகொண்டு வருகிறார்கள். எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வசந்தி. "உட்காருடி" என்றேன். "இருக்கட்டும் அண்ணி, விளையாட்டுன்னா ரூல்ஸ் இருக்குல்ல" என்று சிரித்தாள். நானும் விட்டுவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மூன்றாவது சீட்டைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இன்னும் நல்ல ஆள் யாராவது கேட்கலாம் என்று ஏதோ ஒரு நப்பாசை.

பெருங்களத்தூர் தாண்டினதும் ஒரு டிராபிக் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது? சீட்டு காலியா கீது, ஜனம் நின்னுகினு வருது?"

"அத்தத்தான் சார் நாங்களும் படிச்சுகினு இருக்கோம்" என்றார் சேகர் அண்ணன்.

வேனே சிரித்தது. போலீஸ்காரர் சிரிக்கவில்லை. "உக்காரு எல்லாரும்!" என்று ஒரு அதட்டல் போட்டார். ஒரே நிமிடத்தில் துண்டுகள் எல்லாம் தரைக்குப் போய், ஆட்கள் எல்லாம் சீட்டுக்கு வந்தார்கள். சேகர் அண்ணன் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களா? எடம் இல்லாம இல்ல. ஒரு அதட்டல்தான் இல்ல."

அப்புறம் வண்டலூர் வரை அவர் பேச்சுதான். "வூடுன்னா இன்னான்னு கேட்டா, குடியிருக்கிற எடம்னு சொல்லுவீங்க. நான் ஏஜெண்டா இருந்தப்போ ஒருநாள்கூட அந்த வார்த்தையச் சொன்னதில்லம்மா. 'ரேட்டு ஏறும்', அது ஒண்ணுதான் சொல்லுவேன். அரிசி வாங்கறவன் சாப்பிட வாங்கறான். எல்லாரும் மூட்டையக் கட்டி அடுக்கி வெச்சு ரேட்டு ஏறட்டும்னு குந்திகினா இன்னா ஆகும்? மத்தவன் பட்டினி. நெலத்த அப்படித்தான் வித்தேன். அதனால எதைப் பாத்தாலும் ஒரு கேள்வி கேளுங்க. உக்காரத்துக்கா, விக்கறத்துக்கா?"

பரவாயில்லையே, நன்றாகப் பேசுகிறாரே என்று ரசித்துக்கொண்டு வந்தேன். நான் விற்கத்தான் வந்திருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே திரும்பி, ஒரு பெயர் உதிர்ந்த வளைவு வழியாக லேஅவுட்டுக்குள் போனோம். தார் ரோடு போட்டிருக்கிறார்கள், ரோட்டில் எருமைகள் நடக்கின்றன. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகள். மீதியெல்லாம் முள்ளும் கல்லும். தண்ணீர்த் தொட்டியையும் பனைமரத்தையும் பார்த்ததும் எனக்கு உள்ளம் துள்ளியது. நடுவில் ஒரு மனை மட்டும் முள் இல்லாமல், துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"அதோ! அதுதான் எங்க மனை!"

சேகர் அண்ணன் நான் காட்டின இடத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நம்பர் இன்னாம்மா?"

"முப்பத்தெட்டு."

"இது ஒண்ணாம் நம்பராச்சே!"

போனில், எங்கள் இளவயது முகங்களோடு இருந்த அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, இது நான் எடுத்த போட்டோம்மா! அன்னிக்கி வந்த அத்தினி குடும்பத்தையும் இங்கதான் நிக்க வெச்சு எடுத்தோம். மத்த மனையெல்லாம் முள்ளு. இது ஒண்ணுதான் போட்டோவுக்குன்னு கிளீன் பண்ணி வெச்சிருந்தது. ஆர்ச்சு பக்கத்துல, தொட்டி, பனமரம், பாக்க ஷோக்கா கீதுல்ல? எல்லாருக்கும் இதே போட்டோதான்!"

படம் எடுத்தவர் முகம் எனக்கு ஞாபகமே இல்லை. பதினெட்டு வருடமாகச் சாமி படத்துக்குப் பக்கத்தில் யாருடைய மனையையோ மாட்டி வைத்திருக்கிறோம்! எத்தனை வீட்டு ஹாலில் இதே தொட்டி, இதே பனைமரம்? வசந்தி பக்கம் திரும்பினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, நான் போட்டோவை வெச்சுத்தான் அடையாளம் பார்த்தேன். முதல் தடவை வந்தப்பவே கல்லுல நம்பர் அழிஞ்சிருந்துச்சு. பதினெட்டு பொங்கல்! யாரோ ஒருத்தர் மனையை நான் சுத்தம் பண்ணிட்டு இருந்திருக்கேன்." பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "பரவாயில்ல அண்ணி. அந்த ஒண்ணாம் நம்பர்காரரும் ஒருநாள்கூட வந்து, யாரும்மா நீன்னு கேக்கலை பாருங்க."

உண்மையான முப்பத்தெட்டு மூன்று வரிசை பின்னால் இருந்தது. சேகர் அண்ணன் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு தப்படி போட்டு அளந்தார். கருவேல முள் ஆள் உயரம். வசந்தி ஒரு குச்சியால் முள்ளை விலக்கிக் குனிந்து, மண்ணில் பாதி புதைந்த கல்லை, வேனில் போட்ட துண்டு ஒன்றால் துடைத்தாள். மூன்று தெரிந்தது. எட்டு தெரிந்தது. எனக்கு என்னவோ போல் இருந்தது. சொந்த மனையை முதல் முறை பார்க்கிறேன், அதையும் அவள் துடைத்துக் காட்டுகிறாள்.

வேன் நிழலில் தக்காளி சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு வேகவைத்த முட்டை. முட்டையை உரித்துக்கொண்டே சேகர் அண்ணன் அடுத்த பாடம். தனித்தனியாக வாங்க முடியாத ஆறு குடும்பம் ஒரு சங்கமாகச் சேர்ந்து கட்டலாம். கட்டடம் சங்கத்துக்குச் சொந்தம், இருக்கிறவர் உறுப்பினர். நிலத்தை வாங்க வழியில்லை என்றால், யாராவது நீண்ட குத்தகைக்குக் கொடுத்தாலும் போதும். பத்திரம் எழுதித் தர ஒரு வக்கீலம்மா இருக்கிறார். சுலபம் இல்லை, அலைச்சல் இருக்கிறது, ஆனால் வழி இருக்கிறது என்றார். மீன் கடை வைத்திருக்கும் ஸ்டெல்லா அக்கா விடவில்லை.

"நாளைக்கு நான் காலி பண்ணிகினு போனா?"

"போட்ட பணத்த வாங்கிகினு போ. வெளியாளுக்கு ரேட்டு ஏத்தி விக்க முடியாது."

"அப்போ எனக்கு இன்னா லாபம்?"

"அத்தினி வருசம் யாரும் எந்திரின்னு சொல்லாம வூட்ல குந்திகினு இருந்தியே, அதான் லாபம்."

ஸ்டெல்லா அக்கா கொஞ்ச நேரம் மென்றாள். பிறகு என்னிடம் சாய்ந்து, "சரியாத்தான் சொல்றாரு. நம்ம டீச்சரப் பாருங்க, இந்த மாசக் கடைசில காலி பண்ணணும். வூட்டுக்காரன் வித்துட்டான்" என்றாள்.

"எந்த டீச்சர்?"

"உங்க நாத்தனாருதான். ஏன், சொல்லலையா?"

வெள்ளை அடிக்கிறார்களாம், வெள்ளை! திரும்பி வரும் வழியில் அவளைப் பிடித்துக் கிழித்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அஞ்சு நாளுக்கு வர்றீங்க, உங்களுக்கு எதுக்கு டென்ஷன்" என்றாள். இது எத்தனையாவது வீடு என்றேன். "எட்டாவது" என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

திங்கட்கிழமை தாம்பரத்தில் ஒரு ஓட்டலில் மனை வாங்குகிறவரைச் சந்தித்தேன். நல்ல மனிதர். எனக்கு நெய் ரோஸ்ட்டும் டிகிரி காபியும் வாங்கித் தந்தார். மனையைப் பார்த்தீர்களா என்றேன். "எதுக்கு மேடம்? போன் மேப்லயே பார்த்துட்டேன்" என்றார். வீடு கட்டப் போகிறீர்களா என்றேன். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "கட்டறதா? சும்மா வாங்கிப் போட்டு வைப்போம் மேடம். இன்னும் ஏறும்." நெய் ரோஸ்ட் முறுகலாகத்தான் இருந்தது, நான்தான் பாதியில் வைத்துவிட்டேன். புதன்கிழமை சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. பதினெட்டு வருடத்துக்கு முன் நாங்கள் சொன்னதை அப்படியே அவர் சொல்கிறார்.

செவ்வாய்க்கிழமை வசந்தி அரை நாள் லீவு போட்டாள். வீடு தேடிப் போனோம். நானும் ஒட்டிக்கொண்டேன். சிட்லபாக்கத்தில் முதல் வீடு. கதவைத் திறந்த அம்மாள் எங்கள் இருவருக்கும் பின்னால் யாரையோ தேடினார். "நீங்க மட்டுமா? சார் வரலையா?" சார் யாரும் இல்லை என்றதும், வீடு நேற்றே முடிந்துவிட்டதாம். வாசலில் 'டு லெட்' அட்டை ஆடிக்கொண்டிருக்கிறது! இரண்டாவது வீட்டில் முட்டை சாப்பிடுவீர்களா என்று கேட்டார்கள். வசந்திக்கு முன்னால் நான் "மூணு வேளையும்" என்றேன். அதோடு அது முடிந்தது. "அண்ணி, தயவுசெஞ்சு நீங்க பேசாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

மூன்றாவது வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில். பெரியவர் ஒருவர் பொறுமையாக விசாரித்தார். வேலை, சம்பளம், எந்த ஊர், என்ன ஆட்கள், எல்லாம். கடைசியில், "சொந்தக்காரங்க யாரும் இல்லையாம்மா?" என்றார்.

"அண்ணன் இருக்காங்க சார், சிங்கப்பூர்ல. இவங்கதான் எங்க அண்ணி. கூடுவாஞ்சேரில அண்ணனுக்கு ஒரு கிரவுண்டு இருக்கு." நம்பிக்கை வரட்டும் என்று சொன்னாள், பாவம்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "காலியாவா இருக்கு?"

"காலியாத்தான் சார்" என்றாள் வசந்தி.

"அப்புறம் எதுக்கும்மா இந்த வெயில்ல இந்தப் பொண்ணு வீடு வீடா ஏறி இறங்குது?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றுவிட்டது. வேனில் அந்த மூன்றாவது சீட்டும், அதன் மேல் என் துண்டும், பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இவளும், எல்லாம் கண் முன்னால் வந்தன. அந்த வீடும் அமையவில்லை. வெளியே வந்து கரும்புச் சாறு குடித்தோம். வசந்தி, "அண்ணி, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க, பித்தமா?" என்று இஞ்சி அதிகம் போடச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் மாடியில் நின்று அவருக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, மனையைப் பார்த்தேன்."

"எப்படி இருக்கு?"

"நாம பார்த்ததே இல்லைங்க. ஹால்ல இருக்கிறது வேற யாரோட மனையோ." நடந்ததைச் சொன்னேன். கப்பல் பட்டறையில் முப்பது வருடம் சத்தத்தில் வேலை செய்த மனிதர், கத்தித்தான் பேசுவார். அன்று குரல் இறங்கிவிட்டது. "சரி, விக்கத்தானே போறோம். எந்த மனையா இருந்தா என்ன?" என்றார்.

"விக்கலைங்க."

"என்னது?"

வசந்தியும் சேர்ந்த ஆறு குடும்பம், சங்கம், எங்கள் மனையை அதற்குக் குத்தகைக்கு விடுவது எல்லாம் சொன்னேன். தொண்ணூற்றொன்பது வருடம் என்றதும் பழைய சத்தம் திரும்பி வந்துவிட்டது. "உனக்கு என்ன பைத்தியமா? தொண்ணூத்தொம்பது வருஷம் கழிச்சு நமக்கு அதுல என்ன இருக்கும்?"

"இப்ப நாம இருக்கிற வீடு யாரோடது? அரசாங்கம் நமக்குத் தொண்ணூத்தொம்பது வருஷக் குத்தகைக்குத்தானே குடுத்திருக்கு? அதுல நீங்க ஒருநாளாவது தூக்கம் வராம புரண்டிருக்கீங்களா? நமக்குச் சரின்னா உங்க தங்கச்சிக்கு ஏன் சரியில்ல?"

"சமையல் ரூம்?"

"ரப்பர் பேண்டு இருக்கு."

அவர் மேலே பேசுவதற்குள், "அவ இப்ப எட்டாவது வீட்டைக் காலி பண்றா. உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். எனக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது என்பதைச் சொல்லவில்லை.

மெதுவாக, "நாலுன்னு நினைச்சேன்" என்றார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அந்த வக்கீலம்மா நம்பரை வாங்கி வை."

புதன்கிழமை ரோஸ்ட் வாங்கித் தந்தவருக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை. பக்கத்து மனை எதுவும் விலைக்கு வருமா என்று கேட்டார். சாயங்காலம் டியூஷன் சென்டர் மாடியில், மனையைச் சங்கத்துக்குக் குத்தகைக்குத் தருகிறோம் என்று சேகர் அண்ணனிடம் சொன்னேன். பேசிப் பேசியே பிழைத்த மனிதர், நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "அந்த லேஅவுட்டுல அத்தினி மனை வித்திருக்கேன். நான் வித்ததுல ஒண்ணுகூட வூடாகி நான் பாத்ததில்லம்மா" என்றார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வசந்தியிடம் நான் தனியாக எதுவும் சொல்லவில்லை. அவளும் நன்றி கின்றி என்று ஆரம்பிக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்குப் பிடித்த வாழைப்பூ வடை சுட்டாள். கருக விட்டுவிட்டாள். கணக்கு டீச்சர் வடையைக் கருக விடுவது நான் பார்த்து அதுதான் முதல் தடவை.

ஆனால் சங்கம் பதிந்து, பத்திரம் எழுதி, கட்டி முடிக்க எத்தனை நாள் ஆகுமோ. மாசக் கடைசிக்கு அது உதவாது. ஸ்டெல்லா அக்கா தன் தெருவில் ஒரு வீட்டு மாடியில் ஒற்றை ரூம் பிடித்துக் கொடுத்தாள். அங்கே சாரைப் பற்றியும் கேட்கவில்லை, முட்டையைப் பற்றியும் கேட்கவில்லை. வியாழக்கிழமை கிளம்புவதற்கு முன் நாலு அட்டைப் பெட்டி புத்தகங்களை நானும் தூக்கி ஏற்றினேன். ஒன்பதாவது வீடு. "இதுதான் கடைசி வாடகை வீடு அண்ணி" என்றாள். கணக்கு டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

திரும்ப மின்சார ரயிலில்தான் போனேன். தாம்பரத்தில் ரயில் வந்து நிற்கும் முன்பே வசந்தி ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் தன் கைக்குட்டையை எறிந்து எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள். இவ்வளவு பாடம் படித்த பிறகும்! "இது உக்காரத்துக்கு அண்ணி" என்று வெளியிலிருந்து கத்தினாள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், நேற்று வந்த ஒரு படம். நான் சிங்கப்பூர் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. எங்கள் அலமாரிக் கதவு இன்னும் மூடவில்லை. ஹாலில் சாமிக்குப் பக்கத்தில் அந்த ஒன்றாம் நம்பர் மனையும் அப்படியே இருக்கிறது. கழற்றலாம் என்றேன், "இருக்கட்டும், புதுசு வரட்டும்" என்று அவர் சொல்லிவிட்டார். நேற்று நான் வேலை முடிந்து ரயிலில் வரும்போது பார்த்தேன், வசந்தி அனுப்பியிருந்தாள். முள்ளெல்லாம் வெட்டி, கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, கடைக்கால் தோண்டியிருக்கிறார்கள். ஆறு குடும்பமும் நிற்கிறது. ஸ்டெல்லா அக்கா கையில் தேங்காய். சேகர் அண்ணன் படம் எடுக்கிற நேரம் பார்த்துக் கண்ணை மூடியிருக்கிறார். பின்னால் தொட்டியும் இல்லை, பனைமரமும் இல்லை, பார்க்க ஒன்றும் ஷோக்காக இல்லை. எல்லாருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பள்ளிக்கூடப் புடவையோடு வசந்தி உட்கார்ந்திருக்கிறாள்.

கீழே எழுதியிருந்தாள். "அண்ணி, இந்தத் தடவை கல்லைப் பார்த்துட்டுத்தான் உட்கார்ந்தேன்."